குடிக்கிறவர் கட்டும் வரி: ஒழுக்கத்துக்கா, ஊர் நன்மைக்கா, கஜானாவுக்கா?

தகடூர் ஓய்வூதியர் (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, காலை 6:50

சென்ற வாரம் எங்கள் தெருவில் ஒரு வாய்ச்சண்டை. பக்கத்து வீட்டுக்காரர் சென்ட்ரிங் வேலை செய்கிறவர். நல்ல மனிதர், ஆனால் மாலையானால் குடி. அன்று தள்ளாடி வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். எழுந்து வீட்டுக்குப் போகச் சொன்னேன். "நான் குடிக்கிற காசில்தான் உங்களுக்குப் பென்ஷன் வருகிறது. உங்கள் பேத்திக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிளும் என் காசுதான்" என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரி அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் நான். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதிலும் இல்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மதுவுக்கும் புகையிலைக்கும் சூதாட்டத்துக்கும் மற்றப் பொருள்களைவிடக் கூடுதல் வரி. பத்திரிகைகள் அதற்குப் 'பாவ வரி' என்று பெயர் வைத்திருக்கின்றன. பாவம் செய்கிறவனுக்குத் தண்டனையாக இந்த வரி போடப்படுகிறதா? இல்லை, தீங்கு குறைந்து ஊர் நன்றாக இருக்கட்டும் என்று போடப்படுகிறதா?

இதைக் கேட்க நம் பகுதிக்காரர்களுக்குத் தனி உரிமை உண்டு. சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1ஆம் தேதி. அன்று தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாமே சேலத்துக்குள் அடக்கம். தருமபுரி தனி மாவட்டமானது 1965இல், கிருஷ்ணகிரி 2004இல். கொண்டுவந்தவர் ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. கள்ளுக்கடை, சாராயக்கடைகளை மூடினால் வருமானத்தில் பள்ளம் விழும். அதை நிரப்பத்தான் 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. நான் சம்பளம் வாங்கிய துறை பிறந்த கதை அது. கடையில் சாமான் வாங்கிய எல்லோருமாகச் சேர்ந்து, குடியை நிறுத்தியதால் வந்த நட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

இன்று தண்ணீர் எதிர்ப்பக்கம் பாய்கிறது. குடிக்கிறவர் கட்டுகிறார், மற்றவர்களுக்குத் திட்டங்கள் நடக்கின்றன. 2023-24இல் மதுவின் ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியுமாக மாநிலத்துக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். இவ்வளவு பெரிய தொகையை ஒழுக்கம் என்றும் சொல்ல முடியவில்லை, பொது நன்மை என்றும் சொல்ல மனம் வரவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


பாலக்கோடு தக்காளி விவசாயி
ஞாயிறு, காலை 7:25

ஐயா, வணக்கம். ஒழுக்கம் எது, நன்மை எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. என் நிலத்தில் நடப்பதைச் சொல்கிறேன். சாலையோரம் ஒன்றரை ஏக்கர். கடையில் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் என் வரப்பில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் பாட்டிலைக் கல்லில் அடித்து உடைத்துவிட்டுப் போகிறார்கள். போன ஆடியில் நாற்று நட வந்த அம்மாவுக்குக் குதிகாலில் கண்ணாடி ஏறி நான்கு தையல். அந்த அம்மா பத்து நாள் கூலி இழந்தார். குடித்தவர் வரி கட்டினார் சரி, அந்த வரியில் ஒரு ரூபாயாவது இந்த அம்மாவுக்கு வந்ததா?

நீலகிரியில் 2022இல் உயர் நீதிமன்றம் சொல்லி ஒரு ஏற்பாடு வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாயைத் திருப்பித் தருவது. அந்தப் பத்து ரூபாய் யாரையும் பாவி என்று சொல்லவில்லை. காட்டில் கண்ணாடி விழாமல் இருக்கிறது, அவ்வளவுதான். எனக்குப் புரிகிற வரி அது.


ராயக்கோட்டை பொருளியல் மாணவி
ஞாயிறு, காலை 9:10

விவசாயி அண்ணா சொன்னதைத்தான் எங்கள் பாடத்தில் பெரிய பெரிய சொற்களில் படிக்கிறோம். ஆர்தர் பிகு என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1920இல் சொன்னது: ஒருவன் செய்கிற காரியத்தின் கேடு அவனோடு நின்றுவிட்டால் அது அவன் பாடு. அடுத்தவன் தலையில் விழுந்தால், விழுகிற அளவுக்கு அந்தப் பொருளின் விலையில் ஏற்றிவிட வேண்டும். குடித்துவிட்டுத் தொப்பூர் கணவாயில் லாரி இறக்குகிறவர், எதிரே வருகிற குடும்பத்தின் உயிரையும் சேர்த்துத்தான் ஓட்டுகிறார். பாட்டில் விலையில் அந்தக் குடும்பத்தின் இழப்பு இல்லை. அதைச் சேர்ப்பதுதான் வரியின் வேலை. இதில் பாவ புண்ணியக் கணக்கு எங்கும் வராது.

பிரிட்டனில் 2018 ஏப்ரலில் சர்க்கரை கலந்த குளிர்பானங்களுக்கு வரி போட்டார்கள். பானத்தில் சர்க்கரை குறைந்தால் வரியும் குறையும், ஒரு வரம்புக்குக் கீழே போனால் வரியே இல்லை. இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே அறிவித்துவிட்டதால் வரி நடைமுறைக்கு வருவதற்குள் பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. முதலில் எதிர்பார்த்த தொகை வசூலாகவில்லை. வசூல் குறைந்ததுதான் அங்கே வெற்றி.

நம் மது வரியும் பொது நன்மைக்காக என்றால் ஆல்கஹாலின் அளவைப் பார்த்துப் போடப்பட வேண்டும். இங்கே விற்கும் பிராந்தி, ரம் வகைகளில் ஆல்கஹால் 42.8 சதவீதம். பீரில் அதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. லேசான கள்ளுக்கோ 1987 முதல் தடை. இந்த வரிசையை உடம்புக்கு வரும் கேட்டை மனத்தில் வைத்து யாரும் அமைத்திருக்க முடியாது.


மொரப்பூர் தையலகம்
ஞாயிறு, காலை 11:40

பாப்பா, நீ நன்றாகப் படிக்கிறாய் என்று தெரிகிறது, சந்தோஷம். ஆனால் நீயும் ஐயாவும் ஒழுக்கம் என்ற சொல்லைத் தொடவே ஏன் கூச்சப்படுகிறீர்கள்?

என் வீட்டுக்காரர் போய் ஆறு ஆண்டு ஆகிறது. பெங்களூரில் கட்டட வேலை. சனிக்கிழமை கூலி வாங்கி ஞாயிறு இரவு வீடு வந்து சேரும்போது பையில் இருநூறு ரூபாய் இருக்கும். என் பிள்ளைகள் பள்ளிக்குப் போன காலணி, நான் ரவிக்கை தைத்து வாங்கிக் கொடுத்தது. அதில் 'பிறர் தலையில் விழுந்த இழப்பு' எவ்வளவு என்று யார் எண்ணினார்கள்? அவர் எனக்குச் செய்தது தவறு. அவரை அறிந்தவர்கள் அதைத் தவறு என்று சொல்லியிருக்க வேண்டும். ஊர் சொல்லவில்லை, அரசும் சொல்லவில்லை. "வரி கட்டியாயிற்று" என்றால் கணக்கு முடிந்தது போல ஆகிவிடுகிறது. ஐயாவின் பக்கத்து வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திப் பேசினாரே, அந்தத் துணிச்சல் அங்கிருந்துதான் வருகிறது.

அதனால் எனக்கு அது ஒழுக்க வரியாகவே இருக்கட்டும். இது தவறு என்று அரசு வாய் திறந்து சொல்லட்டும்.


ஓசூர் லேத் பட்டறை
ஞாயிறு, மதியம் 1:05

அக்கா, உங்கள் வேதனைக்கு முன்னால் வாதம் பேசத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் எல்லையில் வாழ்கிறவன் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தவறு என்று அரசு கடுமையாகச் சொன்ன இடங்களில் என்ன நடந்தது? கர்நாடகத்தில் 2007 ஜூலை 1 முதல் சாராயத்தைத் தடை செய்தார்கள். ஓர் ஆண்டு முடிவதற்குள், 2008 மே மாதம், பெங்களூர், கோலார் பக்கமும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்களிலும் விஷச் சாராயம் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எங்கள் பட்டறையில் அப்போது வேலை செய்த ஒரு பெரியவரின் மைத்துனர் அதில் ஒருவர். கண் தெரியவில்லை, கண் தெரியவில்லை என்று விடியும்வரை கத்தினாராம். விஷச் சாராயத்தில் இருக்கும் மெத்தனால் முதலில் கண்ணைத்தான் பிடிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். அங்கே கடைகள் திறந்துதான் இருந்தன. பாக்கெட் சாராயம் அதைவிட மலிவு, அதனால் வாங்கினார்கள். ஆகவே தடையும் கொல்லும், வரியை எட்டாத உயரத்துக்கு ஏற்றினாலும் கொல்லும்.

குட்காவுக்கு 2013 முதல் இங்கே தடை. பெங்களூர் நெடுஞ்சாலையில் தக்காளிப் பெட்டிக்கு அடியிலும் வெங்காய மூட்டைக்கு நடுவிலும் வருகிறது. நாளிதழைத் திறந்தால் வாரம் ஒருமுறை பிடிபட்ட செய்தி. கர்நாடகத்துச் சிறு மதுப் பாக்கெட்டுகளும் அதே வழியில் வருகின்றன. அந்தச் சரக்கில் இந்த மாநிலத்துக்கு ஒரு பைசா வரியும் இல்லை, தரத்தைப் பார்க்க ஆளும் இல்லை.

ஒரு வரம்புக்குள் வரி போட்டு, கண்ணுக்கு முன்னால் வைத்திருப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம். பாவம், புண்ணியம் பேசத் தொடங்கினால் தடையில் போய் நிற்கும்.


ஊத்தங்கரை பெட்டிக்கடை
ஞாயிறு, மாலை 4:30

நான் விற்கிறவன். பத்தொன்பது ஆண்டுகளாகச் சிகரெட், பீடி, வெற்றிலை, சோடா. பல பட்ஜெட்டுகளில் சிகரெட் விலை ஏறியிருக்கிறது. ஏறினால் என் வாடிக்கையாளர்கள் இரண்டு காரியம் செய்கிறார்கள். பாக்கெட்டாக வாங்கியவர் ஒன்று ஒன்றாக வாங்குவார். ஒன்றாக வாங்கியவர் பீடிக்கு மாறுவார். விட்டவர்களும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். இளம் பையன்கள் சிலர் "விலை கட்டுப்படியாகவில்லை" என்று நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். வயதானவர்கள் யாரும் விலைக்காக நிறுத்தியதைப் பார்த்ததில்லை.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, குளிர்பானத்துக்கு 40 சதவீதம் என்றது. அதே கூட்டத்தில் பீடிக்கு 28இலிருந்து 18 ஆகக் குறைக்க முடிவெடுத்தது. பீடி சுற்றும் இலைக்கு 18இலிருந்து 5. நுரையீரலுக்குப் பீடிப் புகை என்ன பன்னீரா? உடல்நலத்துக்காகத்தான் வரி என்றால் இதற்கு விளக்கம் சொல்லுங்கள்.


ராயக்கோட்டை பொருளியல் மாணவி
ஞாயிறு, மாலை 5:15

பீடியைக் குறைத்ததற்குக் காரணம் சுற்றுகிறவர்களின் பிழைப்பு. வேலூர், திருநெல்வேலிப் பக்கம் எத்தனையோ பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றித்தான் குடும்பம் நடத்துகிறார்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களைக் காப்பாற்ற வேறு தொழிலும் நல்ல கூலியும் கொடுக்க வேண்டும். பீடி குடிக்கிற கூலித் தொழிலாளியின் நுரையீரலை அதற்கு விலையாகக் கொடுக்கக் கூடாது. சில்லறை விலையில் குறைந்தது 75 சதவீதமாவது வரியாக இருக்க வேண்டும் என்பது புகையிலைக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவுகோல். பீடி அதன் பக்கத்தில்கூட வராது.

குளிர்பானத்தில் புதிதாக ஒன்றும் ஏறவில்லை அண்ணா. முன்பு 28 சதவீதமும் அதன்மேல் 12 சதவீதம் ஈடுசெய் வரியும் இருந்தன. இரண்டையும் சேர்த்து 40 என்று ஒரே பெயரில் எழுதிவிட்டார்கள். பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பார்த்துப் போடப்பட்ட வரியாக இருந்தால் பாராட்டியிருப்பேன்.


அரூர் செவிலியர்
ஞாயிறு, இரவு 9:50

வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன். முழு இழையையும் படித்தேன். கல்லீரல் கெட்டு வயிறு வீங்கி வருகிறவர்களை நாள்தோறும் பார்க்கிறவள் என்பதால் எழுதுகிறேன்.

விலை ஏறினால் குடி குறையுமா என்ற கேள்வியில் எல்லாக் குடிகாரர்களையும் ஒரே தட்டில் வைக்கிறோம். பெட்டிக்கடை அண்ணா கவனித்தது மிகச் சரி. புதிதாகத் தொடங்குகிற பையன், மாதம் இரண்டு முறை நண்பர்களோடு குடிக்கிறவர், இவர்களை விலை தடுக்கும். உடம்பு அடிமையாகிவிட்டவரைத் தடுக்காது. 2024 பிப்ரவரியில் குவார்ட்டருக்குப் பத்து ரூபாய் ஏற்றினார்கள். சாதாரண ரகம் அப்போது 140 ரூபாய் ஆயிற்று. நாளுக்கு ஒன்று என்றால் மாதம் 4,200 ரூபாய். விலை ஏறியபோது என் நோயாளிகள் யாரும் குவார்ட்டரைக் குறைக்கவில்லை. வீட்டில் முட்டை நின்றது, பிள்ளைக்குப் பால் நின்றது. ஒருவரின் மனைவி, "ராகிக் களியும் புளித் தண்ணீரும்தான் அம்மா, மூன்று வாரமாக" என்றார். வரியை அவர் கட்டவில்லை, அவருடைய வீட்டு அடுப்பு கட்டியது.

நம் தொப்பூரில்தான் 2023 ஜூலையில் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். மாதம் ஆயிரம் ரூபாய். அது எத்தனை வீடுகளைத் தூக்கி நிறுத்துகிறது என்று எனக்குத் தெரியும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே வீட்டில் மனைவி கைக்கு ஆயிரம் வந்து, கணவன் கை வழியாக அதன் நான்கு மடங்கு வெளியே போகிறது.

தடை வேண்டும் என்கிறவர்களுக்கும் ஒன்று. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைகள் ஒரே நாளில் மூடின. குடும்பங்கள் மகிழ்ந்தன, உண்மைதான். ஆனால் அடுத்த வாரம் வார்டுக்கு வந்தவர்களை நான் மறக்கவில்லை. கை நடுக்கம், வலிப்பு, சுவரில் பூச்சி ஊர்கிறது என்ற பயம். பல ஆண்டு குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம். கடையை மூடுகிறவர்கள் அதற்கு முந்தைய நாளே மருத்துவமனையில் படுக்கையைத் தயார் செய்ய வேண்டும். அப்போது யாரும் செய்யவில்லை. வரி போடும்போதும் யாரும் செய்வதில்லை.


பென்னாகரம் தமிழாசிரியர்
திங்கள், காலை 6:15

ஒழுக்கமா, பொது நன்மையா என்று நாம் இரண்டாக வெட்டுகிறோம். வள்ளுவர் எங்கே வைத்தார் என்று பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. கள்ளுண்ணாமை திருக்குறளின் 93ஆம் அதிகாரம். அது அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் இருக்கிறது. புலால் மறுத்தல் அறத்துப்பாலில் இருக்கிறது, கள்ளுண்ணாமை அங்கே இல்லை. அரசன், அமைச்சு, நாடு, நட்பு, பகை என்று பேசிக்கொண்டே வந்து, பகையின் கூட்டத்தில் கள்ளை வைக்கிறார். அடுத்த அதிகாரம் சூது. அதற்கு அடுத்தது மருந்து. கள், சூது, மருந்து என்ற இந்த வரிசையை மாணவர்களுக்கு நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரு நிமிடம் நிறுத்துவேன். குடியை நாட்டின் வலிமையைத் தின்னும் பகையாகப் பார்த்த கண் அது.

இன்று தருமபுரி என்று அழைக்கப்படும் நம் தகடூரை ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான் என்று தொடங்குகிறது. அதுவும் நம் மண்தான். அந்தக் கள் ஒரு தலைவன் தன் புலவருக்குத் தன் கையால் தந்தது. கொடுப்பவன் முகம் குடிப்பவருக்குத் தெரியும். கம்பி வலைக்குள்ளிருந்து நீட்டப்படும் பாட்டிலில் அது இல்லை.


தகடூர் ஓய்வூதியர்
திங்கள், காலை 8:30

ஆசிரியர் ஐயா சொன்ன வரிசையைப் போல இன்னொன்றும் இருக்கிறது. அரசியலமைப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவு மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவின் தலைப்பு ஊட்டச்சத்து, வாழ்க்கைத் தரம், பொதுச் சுகாதாரம் பற்றியது. மருந்துக்கு மட்டும் விலக்கு. எழுதியவர்கள் இதைப் பாவத்தின் கீழ் வைக்கவில்லை, சோற்றுத் தட்டின் பக்கத்தில் வைத்தார்கள்.

நேற்று முழுவதும் உங்கள் பதிவுகளைப் படித்தபின் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு பதிலாவது கிடைத்தது. சைக்கிள் உங்கள் காசு என்று நீங்களும் நிரூபிக்க முடியாது, இல்லை என்று நானும் நிரூபிக்க முடியாது. மது வருமானம் மாநிலத்தின் தொகுப்பு நிதியில் போய்ச் சேர்கிறது. அங்கே போனபின் பிராந்தி ரூபாய், பத்திரப் பதிவு ரூபாய் என்று எதற்கும் அடையாளம் கிடையாது. ஆனால் அடையாளம் போட்டு வசூலிக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரி என்று 10 சதவீதம் சேர்த்து வாங்குகிறார்கள். அது 1948 சட்டத்தின்படி நூலகத்துக்கே போக வேண்டும். புத்தகத்துக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்கிறதை, கல்லீரலுக்கும் பாலக்கோட்டில் தையல் போட்ட அந்த அம்மாவின் காலுக்கும் செய்ய முடியாதா?

என் துறையில் நான் கற்ற ஒரு சோதனை உண்டு. ஒரு வரி எதற்காக என்று அறிய, அதன் வசூல் குறையும்போது மேலே இருக்கிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். தீங்கைக் குறைக்கப் போட்ட வரியாக இருந்தால் குறைவைக் கண்டு மகிழ்வார்கள். பிரிட்டனின் சர்க்கரை வரி அப்படி. 1937இல் ராஜாஜி அதற்கும் மேலே போய், வருமானமே வேண்டாம் என்று சொல்லி மாற்று வழி தேடினார். அது சரியா தவறா என்று வாதிடலாம். ஏழையும் விற்பனை வரி கட்ட வேண்டியதாயிற்று என்ற குறையும் நியாயம். ஆனால் நோக்கம் எது என்பதில் ஐயமில்லை. இன்று தீபாவளிக்கு மறுநாள் எத்தனை கோடிக்கு மது விற்றது என்று செய்தி வருகிறது. போன ஆண்டைவிடக் கூடவா, குறைவா என்று ஒப்பிடுகிறார்கள். விற்பனை குறைந்த ஆண்டில் யாரும் இனிப்பு வழங்கியதாக நான் கேள்விப்படவில்லை.

1983இல் மொத்த விற்பனையும் 2003இல் சில்லறை விற்பனையும் அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தன. மதுவிலக்கும் ஆயத்தீர்வையும் ஒரே துறையில் இருக்கின்றன. குறைக்க வேண்டிய கையும் விற்கிற கையும் ஒன்றாக இருக்கும்வரை இந்த வரியைப் பொது நன்மை வரி என்று என்னால் எழுத முடியாது.


ஓசூர் லேத் பட்டறை
திங்கள், மதியம் 12:50

ஐயா, அந்தச் சோதனை நல்ல சோதனை. ஆனால் ஒரு திருத்தம். அரசு கையில் இருப்பதால்தான் பாட்டிலுக்குள் மெத்தனால் இல்லை. நாளை தனியாரிடம் கொடுத்தால் விற்கிற ஆசை கூடுமே தவிரக் குறையாது. விற்கிறவர் யார் என்பதைவிட, விற்ற பணத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதில் நில்லுங்கள்.

சூதைப் பற்றி யாரும் எழுதவில்லை. என்னிடம் வேலை செய்த ஒரு தம்பி செல்பேசியில் ரம்மி ஆடி, வண்டியையும் அம்மாவின் தோட்டையும் இழந்தான். அந்த மாதிரி ஆட்டத்துக்கு 2023 அக்டோபர் முதல், பந்தயமாகக் கட்டும் முழுத் தொகை மீதும் 28 சதவீத வரி வந்தது. 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வந்து பணம் வைத்து ஆடும் ஆட்டமே தடையாயிற்று. இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரே பொருள், முதலில் வருமானம், பிறகு குற்றம். இங்கே மட்டும் தடையை ஆதரிக்கிறேன். சாராயத்தைப் போல மறைவில் காய்ச்சிக் கண் போக்கும் ஆபத்து இதில் இல்லை.


தகடூர் ஓய்வூதியர்
திங்கள், மதியம் 2:20

ஏற்றுக்கொள்கிறேன் தம்பி. தனியார் கைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குறைந்தபட்சம் மதுவிலக்குப் பணியும் சிகிச்சைப் பணியும் விற்பனைக் கணக்கு பார்க்காத இடத்துக்கு மாற வேண்டும். சுகாதாரத் துறையிடம் கொடுக்கட்டும், பணத்தோடு சேர்த்து.


மொரப்பூர் தையலகம்
திங்கள், இரவு 8:10

ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். வசூல் குறையும்போது முகத்தைப் பார்க்க வேண்டும் என்றீர்களே, அதற்கு நான் ஒழுக்கம் என்று பெயர் வைக்கிறேன். நீங்கள் வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். ஓசூர் தம்பி தடையைப் பற்றிச் சொன்னதை மறுக்க மாட்டேன். தடை கேட்டு நான் எழுதவில்லை. தவறு என்று சொல்லத்தான் கேட்டேன்.

செவிலியர் அம்மாவிடம் ஒரு கேள்வி, இதற்கும் வரிக்கும் சம்பந்தமில்லை, மன்னிக்கவும். என் தம்பியும் அதே வழியில் போகிறான். வயது 34. காலையிலேயே வேண்டும் என்கிறான். நீங்கள் எழுதிய வலிப்பைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. போன மாதம் அறையில் வைத்துப் பூட்டிவிடலாம் என்று அம்மாவும் நானும் பேசிக்கொண்டிருந்தோம்.


அரூர் செவிலியர்
திங்கள், இரவு 10:35

அக்கா, பூட்டாதீர்கள். காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறது என்றால் உடம்பு அடிமையாகிவிட்டது என்று பொருள். மருத்துவர் பார்க்காமல் நிறுத்த வேண்டாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவின் வெளிநோயாளிகள் பகுதிக்குக் காலையில் சீக்கிரமே அழைத்துப் போங்கள். சேர்த்துக்கொண்டால் நடுக்கமும் வலிப்பும் வராமல் இருக்க முதல் சில நாள்களுக்கு மாத்திரை கொடுத்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். தயாமின் என்ற உயிர்ச்சத்து ஊசியும் போடுவார்கள், அது மூளையைக் காக்கும். நீங்களோ அம்மாவோ ஒருவர் கூடவே இருக்க வேண்டியிருக்கும். ஆதார் அட்டையும் காப்பீட்டு அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை உள்ளபடி சொல்லுங்கள், குறைத்துச் சொல்ல வேண்டாம். 14446 என்ற எண்ணில் பேசினாலும் வழி சொல்வார்கள், கட்டணம் இல்லை.

அவர் வர மறுத்தால் சண்டை போடாதீர்கள். வயிற்று வலிக்குப் பார்க்கலாம் என்று அழைத்து வாருங்கள், மற்றதை நாங்கள் பேசிக்கொள்கிறோம். புதன்கிழமை எனக்குக் காலைப் பணி இல்லை. மொரப்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பினால் நானும் தருமபுரி பேருந்து நிலையத்தில் வந்து சேர்ந்துகொள்கிறேன்.


மொரப்பூர் தையலகம்
திங்கள், இரவு 10:50

புதன்கிழமை வருகிறோம் அம்மா.